எந்த நிமிடத்தைச் செய்வது?

2018-இல் கம்பெனி என்னை மூன்று மாதம் லீட்ஸுக்கு அனுப்பியது. ஒரு கிளையன்ட்டின் பழைய சிஸ்டத்திலிருந்து புதிய சிஸ்டத்துக்கு டேட்டாவை மாற்றும் வேலை. ஆன்சைட் போகிறவர்களின் பட்டியலில் லண்டன் இருக்கும், எடின்பரோ இருக்கும். லீட்ஸைப் பார்க்க யாரும் லீட்ஸுக்குப் போவதில்லை. முதல் சனிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்குவதற்காகத்தான் லீட்ஸ் ஆர்ட் கேலரிக்குள் போனேன். அனுமதி இலவசம் என்பதும் ஒரு காரணம்.

உள்ளே ஒரு பெரிய ஓவியம் இருந்தது. சாம்பல் குதிரைகள் வரிசையாக நேரே என்னைப் பார்த்துப் பாய்ந்து வந்தன. மேலே சிவப்புக் கோட்டும் கரடித்தோல் தொப்பியும் போட்ட வீரர்கள், உயர்த்திய வாட்கள், கத்தத் திறந்த வாய்கள். எலிசபெத் தாம்ப்சன் என்ற லேடி பட்லர் 1881-இல் வரைந்த 'ஸ்காட்லாண்ட் ஃபார் எவர்'. வாட்டர்லூ போரில் ஸ்காட்ஸ் கிரேஸ் என்ற குதிரைப்படைப் பிரிவு பாய்ந்ததைக் காட்டுவது. பத்து நிமிடம் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். வெளியே வந்து காபி குடிக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. அந்தப் படத்தில் எதிரி என்று ஒருத்தன்கூட இல்லை.

அடுத்த சனிக்கிழமை அதே ஊரில் இருக்கும் ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்துக்குப் போனேன். அங்கே கண்ணாடிக்குள் ஒரு போர்க்கள மாதிரி. மேடு, வேலிப்புதர், பாதை, அவற்றின் மேல் விரல் நுனி உயரத்துக்குப் படைகள். விளக்கப் பலகையைப் படித்தால் அதே போர், அதே மதியம், அதே பாய்ச்சல். ஆனால் இதில் குதிரைகள் யார்மேல் ஏறுகின்றன என்பது தெரிகிறது. பிரெஞ்சுக் காலாட்படை கூட்டம் கூட்டமாக நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. ஒரு பக்கம் இன்னும் முன்னேறுகிறார்கள், இன்னொரு பக்கம் கலைந்து ஓடுகிறார்கள். வில்லியம் சைபோர்ன் என்ற ராணுவ அதிகாரி செய்து 1844-இல் காட்சிக்கு வைத்தது.

ஒரே நிகழ்ச்சி, ஒரே ஊரில் இரண்டு இடங்களில், இரண்டு விதமாக. ஊர் திரும்பியதும் இதை நானும் செய்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது. வரையத் தெரியாது. அதனால் பிளாஸ்டிக்.

*

இந்தப் பொம்மைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1/72 என்பது இவற்றில் பரவலான அளவு. ஐந்தே முக்கால் அடி ஆள் இருபத்து நான்கு மில்லிமீட்டர் ஆகிவிடுவான். ஒரு பெட்டியில் பத்துப் பதினைந்து குதிரைகளும் அத்தனை வீரர்களும் இருப்பார்கள். மிருதுவான பாலிஎத்திலீன். வளைத்தால் வளையும், விட்டால் பழைய நிலைக்கே வரும். வர்ணம் ஒட்டாது, சாதாரணப் பசையும் ஒட்டாது. முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். பிறகு தண்ணீர் கலந்த ஃபெவிகாலை மெல்லிசாக ஒரு பூச்சு. அது காய்ந்த பிறகுதான் அக்ரிலிக். இந்த வரிசையைக் கற்றுக்கொள்வதற்குள் எனக்கு ஒரு பெட்டி முழுக்க வீண். வாள் பிடித்த கையை லேசாக அசைத்தாலே வர்ணம் தோல் உரிவதுபோல உரிந்து வந்தது.

இந்தக் குதிரைகள் ஏன் இப்படி நிற்கின்றன என்பதற்கும் காரணம் உண்டு. இரண்டு எஃகு அச்சுகளை முகத்தோடு முகம் வைத்து அழுத்தி, நடுவிலுள்ள பள்ளத்தில் உருகிய பிளாஸ்டிக்கைச் செலுத்துகிறார்கள். ஆறியதும் அச்சு இரண்டு பக்கமும் விலக வேண்டும். அதனால் ஒன்றின் பின்னால் ஒன்று மறைந்து நிற்கிற எதையும் இந்த அச்சில் ஒழுங்காக வார்க்க முடியாது. வீரனின் கை பக்கவாட்டில் விரியும், இல்லையென்றால் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். குதிரை தட்டையாக, பக்கவாட்டில் ஓடும். நாம் பார்க்கிற வீர நிலையில் பாதி அச்சு செய்பவரின் கட்டாயம்.

மீதிப் பாதி ஓவியர்கள் கொடுத்தது. முன்னங்கால் இரண்டும் முன்னால், பின்னங்கால் இரண்டும் பின்னால் நீட்டிக்கொண்டு வயிறு தரையைத் தொடுகிற மாதிரி பறக்கும் குதிரையை ஐரோப்பாவில் நெடுங்காலம் வரைந்தார்கள். 1821-இல் ஜெரிகோ வரைந்த எப்சம் பந்தயக் குதிரைகள் அப்படித்தான் பறக்கின்றன. 1878-இல் கலிஃபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசையாக கேமராக்களை வைத்து ஓடும் குதிரையைப் படம் எடுத்தார். நான்கு கால்களும் தரையை விட்டு எழுகிற கணம் உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அந்தக் கணத்தில் கால்கள் விரிந்திருக்கவில்லை, வயிற்றுக்கடியில் மடங்கிக் குவிந்திருந்தன. இது தெரிந்து இத்தனை வருடமாகியும் எனக்குக் கிடைத்த குதிரைகளில் சில இன்னமும் அந்தப் பழைய பாணியில்தான் பறந்தன.

முதல் டயோராமாவை எட்டு மாதத்தில் முடித்தேன். நாற்பது சென்டிமீட்டர் பலகை. பதினான்கு குதிரைகள் ஒரே வரிசையில், எல்லாம் நாலுகால் பாய்ச்சலில். உயர்த்திய வாட்கள். ஆபீஸ் நண்பன் வீட்டுக்கு வந்தபோது பார்த்துவிட்டு, "செமடா, ட்ரெய்லர் மாதிரி இருக்கு" என்றான். பெருமையாக இருந்தது. நானும் எதிரியை வைக்கவில்லை என்பது அப்போது தெரியவே இல்லை. வேண்டுமென்று விட்டதல்ல. ஓவியத்தைப் பார்த்துச் செய்தேன், ஓவியத்தில் இல்லாதது பலகையிலும் இல்லை.

*

பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். வரிசை தலைகீழ் என்று தெரியும். முதலில் கோடு எழுதிவிட்டுப் பிறகு ரிக்வயர்மெண்ட் படிக்கும் பழக்கம் தொழிலில் வந்தது.

1815 ஜூன் 18, ஞாயிற்றுக்கிழமை. முந்தைய நாளும் இரவும் கொட்டிய மழையில் நிலம் சேறாகிக் கிடந்தது. வெலிங்டனின் படை ஒரு நீண்ட மேட்டில். எதிர் மேட்டில் நெப்போலியன். மதியம் டெர்லோன் என்ற தளபதியின் கீழ் பிரெஞ்சுக் காலாட்படைப் பெருந்திரள் பள்ளத்தில் இறங்கி, வெலிங்டனின் மேட்டில் ஏறியது. உச்சியில் வேலிப்புதர் ஓரத்தில் நெருக்கு நேர் சண்டை. பிரிட்டிஷ் தளபதி பிக்டன் அங்கேதான் சுடப்பட்டு இறந்தார். மேடு கைவிட்டுப் போகும் என்ற நிலையில், குதிரைப்படைத் தலைவர் அக்ஸ்பிரிட்ஜ் தன் கனரகக் குதிரைப்படைப் பிரிவுகள் இரண்டையும் ஏவினார். அவற்றில் ஒன்று யூனியன் பிரிகேட். பொன்சன்பி தலைமையில் மூன்று ரெஜிமெண்ட்கள்: ராயல்ஸ், இன்னிஸ்கில்லிங்ஸ், ஸ்காட்ஸ் கிரேஸ்.

கிரேஸ் எப்படிப் போனார்கள்? உயிர் பிழைத்தவர்கள் எழுதியதையும் பின்னால் வந்த வரலாற்றாசிரியர்களையும் சேர்த்துப் படித்தால் கிடைப்பது ட்ரெய்லர் அல்ல. அவர்களுக்கு முன்னால் சொந்தப் படையின் கார்டன் ஹைலாண்டர்கள் நின்றிருந்தார்கள். அந்தக் காலாட்படை வரிசைக்கு ஊடாக நுழைந்து, வேலிப்புதரையும் பாதையையும் தாண்டி, சேற்றிலும் மிதிபட்ட பயிரிலும் இறங்க வேண்டும். பிரெஞ்சுக்காரர்களோ கூப்பிடு தூரத்தில். வேகம் எடுக்க இடமே இல்லை. அவர்கள் மோதியது ஏறக்குறைய நடைவேகத்தில்.

அந்த நடைவேகமே போதுமாக இருந்தது. பிரெஞ்சுக் காலாட்கள் அணியை விரித்துக்கொண்டிருந்த நேரம் அது. குதிரைப்படையைத் தடுக்கச் சதுரமாக நிற்க வேண்டும், அதற்கு அவகாசமில்லை. கூட்டம் உடைந்தது. 105-ஆவது ரெஜிமெண்ட்டின் கழுகுச் சின்னத்தை ராயல்ஸ் பிடுங்கினார்கள். 45-ஆவதின் கழுகைக் கிரேஸின் சார்ஜெண்ட் சார்ல்ஸ் யூவர்ட் கைப்பற்றினார். ஆயிரக்கணக்கானோர் கைதானார்கள். ஓவியம், பெட்டி அட்டை, நினைவுச்சின்னம் எல்லாம் இந்த இடத்தோடு நின்றுவிடும்.

குதிரைகள் நிற்கவில்லை. வெற்றி தலைக்கேறிப் பள்ளத்தைக் கடந்து, எதிர் மேட்டில் ஏறி, பிரெஞ்சுப் பீரங்கிகள் வரை போய்விட்டார்கள். திரும்பச் சொல்லி ஊதிய எக்காளத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. பின்னால் துணைக்கு ஆளில்லை. பின்னணியில் நிற்க வேண்டிய கிரேஸே முன்வரிசைக்கு வந்துவிட்டிருந்தார்கள். ஏவிய அக்ஸ்பிரிட்ஜும் தானே முதல் வரிசையில் பாய்ந்துவிட்டார். அது தவறு, பின்னால் இருந்து இரண்டாம் வரிசையைக் கவனித்திருக்க வேண்டும் என்று பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார். சேற்றில் மேடேறி மூச்சிரைத்து நின்ற குதிரைகளின்மேல், பக்கவாட்டிலிருந்து புதுக் குதிரைகளில் பிரெஞ்சு லான்சர்கள் வந்து விழுந்தார்கள். வாளைவிட ஈட்டி நீளம். நிற்கிற குதிரையைவிட ஓடுகிற குதிரை வேகம். பொன்சன்பி அங்கே கொல்லப்பட்டார். கிரேஸின் கர்னல் ஹாமில்டனும் திரும்பவில்லை. ரெஜிமெண்ட்டில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் செத்தோ காயப்பட்டோ போனார்கள்.

படித்து முடித்த இரவு என் பலகையைப் போய்ப் பார்த்தேன். பதினான்கு குதிரைகளும் சிரமமே இல்லாமல் பறந்துகொண்டிருந்தன. தரையில் சேறு இல்லை. குளம்பில் புல் ஒட்டவில்லை. நான் எட்டு மாதம் உட்கார்ந்து செய்தது அந்த மதியத்தில் நடக்கவேயில்லை.

*

சைபோர்னை மறுபடி தேடிப் போனது அப்போதுதான். லீட்ஸில் நான் பார்த்தது அவருடைய இரண்டாவது மாதிரி. முதலாவதின் கதை தெரிந்தால்தான் இரண்டாவது புரியும்.

1830-இல் படைத்தலைவர் ஹில் பிரபு, புதிதாகத் தொடங்கவிருந்த ராணுவ அருங்காட்சியகத்துக்காக வாட்டர்லூவின் மாதிரி ஒன்றைச் செய்யச் சொன்னார். சைபோர்ன் நில அளவையில் தேர்ந்தவர். போர் முடிந்த பிறகுதான் அந்தப் படையில் சேர்ந்தவர், அதனால் சொந்த நினைவு எதுவும் கிடையாது. போர்க்களத்தின் நடுவில் இருந்த லா ஹே சேந்த் பண்ணைவீட்டிலேயே எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார். பிறகு, உயிரோடிருந்த அதிகாரிகளுக்கெல்லாம் கடிதம் போட்டார். மாலை 7 மணி வாக்கில், நெப்போலியனின் கடைசிக் காவற்படை மேட்டில் ஏறி முறியடிக்கப்பட்டபோது, உங்கள் ரெஜிமெண்ட் எங்கே நின்றது? எந்த வடிவில்? எதிரே யார்? அதோடு நிலத்தின் வரைபடமும் அனுப்பி, இடத்தைக் குறித்துத் தரச் சொன்னார்.

நூற்றுக்கணக்கில் பதில் வந்தது. ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. பல சர்வர்களின் லாக் ஃபைல்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு ராத்திரியில் உட்கார்ந்தவர்களுக்கு இந்தத் துயரம் தெரியும். ஒவ்வொரு சர்வரும் தன் கடிகாரப்படி உண்மையைத்தான் சொல்கிறது. கடிகாரங்கள்தான் ஒத்துப்போகவில்லை. வாட்டர்லூவில் முதல் குண்டு எப்போது வெடித்தது என்பதிலேயே சிக்கல். வெலிங்டனின் அறிக்கையில் சுமார் 10 மணி. மற்றவர்களிடம் 11, 11:30, 12. பொது நேரம் என்ற ஒன்றே அப்போது இல்லை. ரயில் வந்த பிறகு, 1840-களில்தான் ஊருக்கு ஊர் மாறிய கடிகாரங்களை ஒன்றாக்கும் வேலை பிரிட்டனில் தொடங்கியது. வெலிங்டனே போர் முடிந்த சில வாரங்களில் ஒரு கடிதத்தில், போரின் வரலாறு ஒரு நடன விருந்தின் வரலாற்றைப் போன்றது என்ற பொருளில் எழுதினார். சின்னச் சின்னச் சம்பவங்கள் ஒவ்வொருவருக்கும் நினைவிருக்கும். எது முதலில், எது பிறகு என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது.

புத்தகம் எழுதுகிறவருக்கு இதில் ஒரு வசதி உண்டு. 'சுமார்' போடலாம், 'என்பர்' போடலாம், இரண்டு கருத்துகளையும் அருகருகே வைத்துவிட்டு நகரலாம். மாதிரி செய்பவருக்கு அது கிடையாது. பொம்மை ஓர் இடத்தில் நின்றாக வேண்டும், ஒரு பக்கம் பார்த்தாக வேண்டும். பசையில் 'சுமார்' இல்லை.

1833-இல் அரசு பணம் தருவதை நிறுத்தியது. சைபோர்ன் கடன் வாங்கிச் சொந்தச் செலவில் தொடர்ந்தார். 70,000-க்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு உலோக உருவங்கள். ஓர் அறையையே அடைக்கும் பரப்பு. 1838-இல் லண்டன் பிக்கடில்லியிலுள்ள எகிப்ஷியன் ஹாலில் காட்சிக்கு வைத்தார். கூட்டம் அலைமோதியது, பேப்பர்கள் புகழ்ந்தன. செலவழித்த பணம் மட்டும் அவர் கைக்குத் திரும்பி வரவில்லை.

அதைவிடப் பெரிய பிரச்சினை அவர் தேர்ந்தெடுத்த நிமிடம். மாலை 7 மணிக்கு வெலிங்டன் மட்டும் களத்தில் இல்லை. ப்ளூச்சரின் பிரஷ்யப் படையும் வந்து, நெப்போலியனின் பக்கவாட்டில் பிளான்ஸ்நுவா கிராமத்தில் மோதிக்கொண்டிருந்தது. சைபோர்ன் பிரஷ்ய அதிகாரிகளிடமும் விசாரித்து, அவர்கள் இருந்த இடத்தில் அவர்களை வைத்தார். மேலிருந்து பார்த்தால் பிரெஞ்சுப் படையை இரண்டு பேர் சேர்ந்து நெருக்குவது பளிச்சென்று தெரிந்தது. வாட்டர்லூ பிரிட்டிஷ் வெற்றி என்று பழகிப்போன நாட்டில் இது உறுத்தியது. பார்க்கிறவர்களுக்குத் தப்பான எண்ணம் வரும் என்று வெலிங்டனின் வட்டத்திலிருந்து நெருக்கடி வந்தது. சைபோர்ன் முதலில் வளையவில்லை. கடனும் வேலையும் ஒருசேர அழுத்த, கடைசியில் சுமார் 40,000 பிரஷ்ய வீரர்களைக் குறிக்கும் உருவங்களை மாதிரியிலிருந்து எடுத்தார்.

அவர் எடுத்ததை எப்படி எடுத்திருப்பார் என்று சில சமயம் யோசிப்பேன். ஒட்டிய பொம்மையை எடுக்கும்போது காலடியில் கொஞ்சம் தரையும் பெயர்ந்து வரும். பிறகு அந்தப் பள்ளத்தை அடைத்து, மேலே பச்சை பூச வேண்டும். யாரும் அங்கே நின்றதே இல்லை என்று காட்டுவதும் கைவேலைதான்.

1844-இல் அவருடைய போர் வரலாற்று நூல் வெளிவந்தது. அதே வருடம் இரண்டாவது மாதிரி. இதில் நிலப்பரப்பு குறைவு, உருவங்கள் பெரியவை. எடுத்துக்கொண்டது மதியத்துக் குதிரைப் பாய்ச்சல், அதிலும் மோதுகிற கணம். அந்நேரம் பிரஷ்யர்கள் களத்துக்கு வந்து சேரவில்லை. யாரையும் எடுக்கச் சொல்லி யாரும் கடிதம் எழுத முடியாத நிமிடம். சைபோர்ன் அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சூடுபட்ட கை அடுத்த முறை எங்கே நீளும் என்பது எனக்குப் புரிகிறது. அதிலும் காசு பார்க்கவில்லை. 1849-இல் கடனோடு இறந்தார். முதல் மாதிரி இன்று லண்டனில் நேஷனல் ஆர்மி மியூசியத்தில் இருக்கிறது. அவருக்கு வந்த கடிதங்களிலிருந்து தேர்ந்தெடுத்து அவர் மகன் 1891-இல் ஒரு தொகுப்பு வெளியிட்டார். வாட்டர்லூவைப் பற்றி யார் எழுத உட்கார்ந்தாலும் இன்றைக்கும் அதைத் திறக்காமல் முடியாது. மாதிரி செய்யத் திரட்டிய தகவல், மாதிரியைவிட நீண்ட நாள் வாழ்ந்துவிட்டது.

கடைசியாக ஒன்று. 1881-இல் லேடி பட்லரின் ஓவியம் காட்சிக்கு வந்ததும் அதே எகிப்ஷியன் ஹாலில்தான். நாற்பத்து மூன்று வருட இடைவெளியில் ஒரே கட்டடம், ஒரே போர். எல்லோரையும் வைக்க முயன்றவர் கடனாளி ஆனார். எதிரியையே வைக்காத படம் இன்னமும் பெட்டி அட்டைகளுக்கு முன்மாதிரி.

*

முதல் டயோராமாவை உடைத்தேன். நான் எடுத்துக்கொண்ட நிமிடம் பள்ளத்தின் மறுபக்கம்: எக்காளம் ஊதியாகிவிட்டது, குதிரைகளுக்கு மூச்சு முடிந்துவிட்டது, பலகையின் வலது ஓரத்தில் முதல் லான்சர்கள் தெரிகிறார்கள்.

இதற்குப் பெட்டி கிடையாது. களைத்துப்போன குதிரையைக் காசு கொடுத்து யார் வாங்குவார்கள்? நான் வாங்கியவற்றில் நிற்கும் குதிரைகளே குறைவு, விழுந்தது ஒன்றுமில்லை. இங்கேதான் கன்வர்ஷன் வருகிறது. இருக்கிற பொம்மையை வெட்டி, வளைத்து, வேறு பொம்மையின் உறுப்பைப் பொருத்தி, பெட்டிக்காரர் நினைக்காத ஒன்றைச் செய்வது. பொம்மை வகைகள் குறைவாக இருந்த ஏர்ஃபிக்ஸ் காலத்திலேயே பழகி வந்த கலை.

களைத்த குதிரை என்றால் தலை தொங்க வேண்டும். கழுத்தின் அடியில் ஆப்பு வடிவில் ஒரு துண்டு வெட்டியெடுத்து, தலையைக் கீழே மடக்கி, உள்ளே குண்டூசித் துண்டைச் செருகி, இடைவெளியை எம்-சீலால் நிரப்ப வேண்டும். கால்களை வெந்நீரில் முக்கி வளைத்து, அப்படியே பிடித்துக்கொண்டு ஐஸ் தண்ணீரில் வைத்தால் வளைவு நிற்கும். அதிகம் வளைக்க வேண்டுமென்றால் தொடையோடு அறுத்துத் திருப்பி ஒட்டுவதுதான் வழி. சாப்பாட்டு மேஜையில் ஒரு மாதம் குதிரைக் கால்கள் கிடந்தன. "நொண்டிக் குதிரை ஆஸ்பத்திரி வெச்சிருக்கியா?" என்று மனைவி கேட்டாள். அதன்பிறகு வேலை பால்கனிக்கு மாறியது.

லான்சர்கள் இன்னும் கஷ்டம். கையில் இருந்தது சதுர மேற்பகுதி கொண்ட தொப்பி போட்ட போலந்து லான்சர்கள். கிரேஸைத் தாக்கிய 3-ஆவது, 4-ஆவது ரெஜிமெண்ட்காரர்கள் பிரெஞ்சு லைன் லான்சர்கள், அவர்கள் தலையில் பித்தளைத் தலைக்கவசமும் அதன்மேல் கம்பளிப்பூச்சி போன்ற கறுப்பு முகடும். பிரெஞ்சுக் கராபினியர்களின் தலைக்கவசமும் ஏறக்குறைய அதே வடிவம், முகடு மட்டும் சிவப்பு. ஆக, போலந்து உடம்பில் கராபினியர் தலை. முகட்டுக்குக் கறுப்பு, கோட்டுக்குப் பச்சை. ஈட்டி ஏறக்குறைய 2.75 மீட்டர், 72-ஆல் வகுத்தால் 3.8 சென்டிமீட்டர். பெட்டியில் வந்த ஈட்டி நூடுல்ஸ் மாதிரி வளைந்தது. அதை நறுக்கிவிட்டு மெல்லிய எஃகுக் கம்பி வைத்தேன்.

கிரேஸின் வாளில் ஒரு சின்ன விஷயம். 1796 மாடல் கனரகக் குதிரைப்படை வாளின் நுனி கோடரி போல மழுங்கல், வெட்ட மட்டும் உதவும். வாட்டர்லூவுக்கு முன்னால் அந்த நுனிகளைச் சாணை பிடித்துக் குத்தும்படி கூராக்கச் சொல்லி உத்தரவு வந்தது. என் பொம்மைகளில் வாள் ஒன்றேகால் சென்டிமீட்டர்கூட இல்லை. பன்னிரண்டு வாட்களின் நுனியையும் பிளேடால் சாய்வாகச் சீவினேன். இருநூறு வருடம் தாமதமாக உத்தரவை நிறைவேற்றிய கடைசி ஆள் நானாக இருக்கலாம். வெறும் கண்ணால் பார்த்தால் தெரியாது. எனக்குத் தெரியும்.

தரைக்குக் காய்ந்த டீத்தூளும் ஃபெவிகாலும். மிதிபட்ட ரை பயிருக்குத் தேங்காய்நார் மிதியடியிலிருந்து பிடுங்கிய நார்.

மாட்டிக்கொண்டது ஒரே ஒரு குதிரையில். மேட்டில் கடைசியாக எம்பும் குதிரை அது. முன்னங்கால்கள் தூக்கியிருக்க வேண்டும். மிருதுவான பிளாஸ்டிக்கில் இரண்டு பின்னங்கால் மட்டும் எடையைத் தாங்கவில்லை. வாரத்துக்கு ஒரு மில்லிமீட்டராக முன்னால் சரிந்தது. அந்தச் சமயம் ஊருக்கு, திருச்சிக்குப் போயிருந்தேன். ஸ்ரீரங்கத்தில் சேஷராயர் மண்டபத்தைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அன்றைக்குக் குதிரை செய்பவனாகப் பார்த்தேன். தூண்களில் பின்னங்காலில் எழும்பி நிற்கும் கல் குதிரைகள். தூக்கிய முன்னங்கால்களுக்குக் கீழே காலாட்கள், பாயும் புலிகள், குத்துப்பட்டவர்கள். கதைக்காக வைத்தார்கள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். கல்லுக்கு முட்டு வேண்டும் என்பது அப்போதுதான் தோன்றியது. குதிரையை அந்தரத்தில் நிறுத்த வேண்டுமென்றால் அதன் காலடியில் இருப்பவனையும் செதுக்கியாக வேண்டும். அந்தச் சிற்பி எதிரியை விட்டுவிட்டிருந்தால் குதிரை நின்றிருக்காது.

திரும்பி வந்ததும் ஒரு பிரெஞ்சுக் காலாளை எடுத்தேன். சுடும் நிலையில் நின்றவன். இடுப்பில் வெட்டி மல்லாக்கச் சாய்த்து, துப்பாக்கிக் கையை மேலே திருப்பினேன். அவன் உடம்புக்குள் ஒரு கம்பி போகிறது. அது தரையிலிருந்து அவன் முழங்கை வழியாக மேலேறி, குதிரையின் முன்குளம்பில் முடிகிறது. ஒரு வருடமாகக் குதிரை சரியவில்லை.

*

இப்போது பலகையில் பன்னிரண்டு கிரேஸ், ஏழு லான்சர்கள், ஒன்பது காலாட்கள், ஆளில்லாத நான்கு குதிரைகள். பாய்ச்சலில் இருப்பவை லான்சர்களின் குதிரைகள் மட்டும். நண்பன் மறுபடி வந்து பார்த்தான். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துவிட்டு, "இதுல ஹீரோ யாருடா?" என்றான். முன்பு கேட்டிருக்க அவசியம் வந்திருக்காது.

இதுவும் சரியான நிமிடம் என்று சொல்லும் தைரியம் எனக்கில்லை. இந்தக் கிரேஸ் வீரன் இந்த லான்சருக்கு இத்தனை தூரத்தில் நின்றான் என்பதற்கு எந்தக் கடிதத்திலும் சாட்சி கிடையாது. 'சுமார்' என்று எழுத வேண்டிய இடங்களில் எல்லாம் பசை வைத்திருக்கிறேன். இன்னொன்றும் உண்டு. இந்தப் பலகையில் நானும் பிரஷ்யர்களை வைக்க வேண்டியிருக்கவில்லை. அந்த நேரத்தில் அவர்கள் இன்னும் வந்து சேரவில்லை. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

வெட்டிய மிச்சங்களை ஒரு பழைய ஸ்வீட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். ஏழு போலந்துத் தலைகள், தலையில்லாத கராபினியர்கள், எந்தக் குதிரையுடையது என்று தெரியாத கால்கள். தீபாவளிக்கு வீடு ஒழிக்கும்போது அம்மா அதைத் தூக்கிப்போடப் பார்த்தார். "வேண்டாம்மா, தேவைப்படும்" என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.